காலியாக இருந்த இடம்: கணையத்துக்குப் பரவிய ஒரு புற்றுநோய், சி.டி. வழியே ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் ரேடியாலஜி பிரிவுக்கு வந்த வேண்டுகைச் சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: "பெண், வயது 62. கணையத் தலையில் கட்டி. கணையப் புற்றுநோயா? அறுவை சிகிச்சைக்கு ஏற்றதா என்று பார்க்கவும்."

தொடங்கும் முன் ஒரு விளக்கம். இங்கே வரும் நோயாளி தனி ஒருவர் அல்ல. இந்த நோயில் திரும்பத் திரும்ப வரும் படங்களையும் அளவுகளையும் சேர்த்து, கற்றுக்கொள்வதற்காக ஒரே நிகழ்வாகக் கோத்திருக்கிறேன். நோயைப் பற்றியும் ஸ்கேனைப் பற்றியும் சொல்பவை பொதுவாக அறியப்பட்டவை.

இரண்டு மாதமாகச் சோர்வு. பசி கொஞ்சம் குறைவு. மஞ்சள் காமாலை இல்லை, முதுகுக்குப் பரவும் வலி இல்லை, எடை பெரிதாக இறங்கவில்லை. ஹீமோகுளோபின் 9.8. இரத்தச் சோகைக்குக் காரணம் தேடப் போன இடத்தில் வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். கணையத்தின் தலைப்பகுதியில் ஒரு கட்டி தெரிந்தது. அடுத்து ஒரு சி.டி. ரிப்போர்ட்டில் "2.2 செ.மீ. அளவில் கருமையான கட்டி, கணையப் புற்றாக இருக்கலாம்" என்று எழுதியிருந்தார்கள். எங்களிடம் வரும்போது அந்தக் குடும்பம் 'கணையப் புற்று' என்ற சொல்லை ஒரு வாரமாகச் சுமந்துகொண்டிருந்தது. அந்தச் சொல்லின் கனம் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அதைச் சொல்லும் முன் படத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

முதல் ஸ்கேனில் ஒட்டாத விஷயங்கள்

கணையத்தின் செரிமான நீர் ஓடும் நாளத்தின் சுவரிலிருந்து எழும் வழக்கமான புற்று, அதாவது அடினோகார்சினோமா, நார்த்திசு நிறைந்த கட்டி. இரத்த ஓட்டம் குறைவு. கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுக்கும் படத்தில் சுற்றியுள்ள கணையம் பளிச்சென்று தெரியும், கட்டி மங்கிக் கிடக்கும். அதைவிட முக்கியமாக அது நாளத்தை நெரிக்கும். தலையில் கட்டி வந்தால் பித்த நாளமும் கணைய நாளமும் இரண்டுமே விரிந்து நிற்பது பழகிய காட்சி. அடைப்புக்குப் பின்னால் இருக்கும் கணையம் நாளடைவில் சுருங்கிப்போகும். பக்கத்தில் ஓடும் மேல் மெசன்டெரிக் தமனியைச் சுற்றிக் கவ்வப் பார்க்கும்.

இந்தப் பெண்ணின் படத்தில் கருமை இருந்தது, மற்றது எதுவும் இல்லை. கணைய நாளம் 2 மி.மீ., மெல்லிய கோடு போல வால் வரை ஓடியது. பித்த நாளம் இயல்பு. உடலும் வாலும் வயதுக்கேற்ற பருமனோடு இருந்தன. இரத்தக் குழாய்களைச் சுற்றியிருந்த கொழுப்பு தெளிவாக இருந்தது. தலையின் கொக்கிப் பகுதியில் வரும் அடினோகார்சினோமா சில சமயம் நாளங்களைத் தொடாமலே வளரும், அதை மறுக்கவில்லை. ஆனால் இவருடைய கட்டி இருந்தது நாளங்கள் போகும் வழியிலேயே. அந்த இடத்தில் இருந்துகொண்டு நாளத்தை நெரிக்காமல் ஒதுக்கி மட்டும் வைத்திருக்கிற கட்டியைப் பார்த்தால், இது வேறு ஏதோ என்று தோன்ற வேண்டும். கணையப் புற்றில் உயரக்கூடிய சி.ஏ. 19-9 என்ற இரத்த அடையாளத்தின் அளவும் இயல்பாகவே இருந்தது. அது இயல்பாக இருப்பதால் மட்டும் புற்று இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் தராசின் அந்தத் தட்டில் இன்னொரு சிறு எடை.

சரி, கட்டியை விட்டுவிட்டு மற்ற உறுப்புகளைப் பார்க்கலாம் என்று படத்தைக் கீழே நகர்த்தினேன். வலது சிறுநீரகம் இருக்க வேண்டிய இடத்தில் சிறுநீரகம் இல்லை. பெருங்குடலின் வளைவும் முன்சிறுகுடலும் அந்தக் குழிக்குள் சரிந்து கிடந்தன. பின்சுவரை ஒட்டி மூன்று சிறு உலோகக் கிளிப்புகள் வெள்ளைப் பொறிகள் போல மின்னின. இடது சிறுநீரகம் 13 செ.மீ. நீளம், இரண்டு பேர் வேலையை ஒருவரே செய்து பருத்துப்போன தோற்றம். முதல் ரிப்போர்ட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வேண்டுகைச் சீட்டிலும் இல்லை.

காத்திருப்பு அறைக்குப் போய் அவரையே கேட்டேன்.

"அம்மா, உங்களுக்கு முன்னாடி ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கா?"

"இல்ல டாக்டர். ரெண்டும் சுகப்பிரசவம்தான்."

"கிட்னியில?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அது அப்பவே முடிஞ்சு போச்சே டாக்டர். பதிமூணு வருஷம் ஆச்சு. அஞ்சு வருஷம் செக்கப்புக்குப் போனேன். இனிமே வர வேண்டாம், சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க."

அவர் எதையும் மறைக்கவில்லை. முடிந்துபோன நோய் என்று யாரோ உறுதி சொன்னதை நம்பினார், அவ்வளவுதான். அடுத்த நாள் மகள் பழைய கோப்பைத் தேடி எடுத்து வந்தார். சிறுநீரகத்தின் கிளியர் செல் கார்சினோமா, 6.5 செ.மீ., சிறுநீரகத்துக்குள்ளேயே அடங்கியது, வெட்டின ஓரங்கள் சுத்தம். நல்ல முன்கணிப்புள்ள அறிக்கைதான்.

பதிமூன்று ஆண்டுக்குப் பிறகு திரும்புமா என்றால், இந்த ஒரு புற்றுநோய் திரும்பும். கணையத்துக்குப் பரவும் சிறுநீரகப் புற்றின் தனிக்குணமே அதுதான்: சிறுநீரகத்தை எடுத்துப் பத்தாண்டு கழித்து வருவது சாதாரணம், 20 ஆண்டு தாண்டி வந்தவையும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கணையத்தில் காணப்படும் புற்றுக் கட்டிகள் எல்லாவற்றிலும் வேறு உறுப்பிலிருந்து வந்து தங்கியவை 100க்கு 2 முதல் 5 வரைதான். ஆனால் அப்படி வந்து, அறுவை செய்யும் நிலையில் பிடிபடுகிறவற்றில் முதலிடம் சிறுநீரகத்துக்கே.

மறுபடி எடுத்த ஸ்கேன்

முதல் ஸ்கேனில் கான்ட்ராஸ்ட் ஏற்றி 70 விநாடிக்குப் பிறகு ஒரே ஒரு முறை படம் எடுத்திருந்தார்கள். இதைச் சிரைக் கட்டம் என்போம். கல்லீரலைப் பார்க்க அருமையான நேரம். சாதாரண வயிற்று வலிக்கு இது போதும். சிறுநீரகப் புற்றின் பரவலைத் தேட இது போதாது, ஏனென்றால் அந்தக் கட்டி இரத்தக் குழாய்களால் ஆனது போலவே இருக்கும். மருந்து வந்த வேகத்தில் குடித்து, வந்த வேகத்தில் விட்டுவிடும். 70 விநாடிக்குள் அதன் பளபளப்பு வடிந்து சுற்றியுள்ள கணையத்தோடு ஒன்றாகிவிடும்.

அதனால் கணையத்துக்கென்று தனி முறையில் மறுபடி எடுத்தோம். டெக்னாலஜிஸ்ட்டிடம் சொன்னவற்றை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவலாம். ஸ்கேனுக்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும். வெள்ளையாகத் தெரியும் வாய்வழி மருந்து வேண்டாம், அது முன்சிறுகுடலை வெளிச்சமாக்கிப் பக்கத்தில் உள்ள பளிச்சிடும் கட்டியை மறைத்துவிடும். முதலில் மருந்தில்லாமல் ஒரு சுற்று. பிறகு முழங்கை மடிப்பில் பெரிய ஊசி, விநாடிக்கு 4 மி.லி. வேகத்தில் அயோடின் மருந்து. 35 முதல் 45 விநாடிக்குள் பின் தமனிக் கட்டம் (மருந்து தமனிகளில் நிறைந்திருக்கும் நேரத்தின் பிற்பகுதி), 70 விநாடியில் சிரைக் கட்டம். துண்டின் தடிமன் 1 மி.மீ. நெஞ்சையும் அதே அமர்வில் எடுத்துவிட வேண்டும்.

ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவருக்கு இந்த மருந்தைக் கொடுக்கலாமா என்று மகள் கேட்டார். நியாயமான பயம். சிறுநீரகம் ஒன்றா இரண்டா என்பதைவிட அது எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்பதே கணக்கு. அவருடைய வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 58 மி.லி. கவலைப்படும் எல்லையாகப் பெரும்பாலான வழிகாட்டிகள் வைத்திருப்பது 30. தயங்காமல் கொடுத்தோம்.

தமனிக் கட்டம் திரையில் வந்ததும் அறையில் இருந்த எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. ஒரு கட்டி என்று வந்தவருக்கு மூன்று கட்டிகள். தலையில் 3.4 செ.மீ., உடலில் 9 மி.மீ., வாலில் 1.4 செ.மீ. மூன்றும் கணையத்தைவிடப் பிரகாசமாக, உருண்டையாக, கூர்மையான ஓரத்தோடு இருந்தன.

எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். சி.டி.யில் ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியையும் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் சொல்கிறோம். தண்ணீர் 0, காற்று −1000. 1971ல் முதல் நோயாளியை ஸ்கேன் செய்து 1979ல் நோபல் பரிசு பெற்ற காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில் வழங்கும் அலகு அது. மருந்தில்லாத படத்தில் தலைக் கட்டியின் ஓரம் 36, கணையம் 40, வித்தியாசமே தெரியாது. தமனிக் கட்டத்தில் கட்டியின் ஓரம் 172, கணையம் 112. சிரைக் கட்டத்தில் ஓரம் 108, கணையம் 94. கட்டியின் நடுப்பகுதி மூன்று சுற்றிலும் 30ஐத் தாண்டவே இல்லை, அது இரத்தம் எட்டாமல் செத்துப்போன திசு.

முதல் ஸ்கேன் எப்படித் தவறாக வழிகாட்டியது என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன. சிரைக் கட்டத்தில் கட்டியின் உயிருள்ள ஓரம் கணையத்தோடு கிட்டத்தட்ட கலந்துபோய், நடுவில் செத்த பகுதி மட்டும் கருமையாக நின்றது. படித்தவர் அந்தக் கருமையை மட்டும் அளந்து 2.2 செ.மீ. என்று எழுதினார். 'கணையத் தலை, கருமையான கட்டி' என்றால் கை தானாகவே அடினோகார்சினோமா என்று எழுதப் போகும். வாலில் இருந்த 1.4 செ.மீ. முடிச்சு சிரைக் கட்டத்தில் 97, கணையம் 94. கண்ணால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதை அவர் தவறவிட்டார் என்று குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் படத்தில் அது இல்லவே இல்லை. குறை சொல்ல வேண்டுமானால் அந்தப் படத்தை எடுக்கச் சொன்னபோது சிறுநீரகத்தின் கதை யாருக்கும் தெரியாமல் போனதைச் சொல்ல வேண்டும்.

இரண்டு வேறு எக்ஸ் கதிர் ஆற்றலில் படமெடுக்கும் இரட்டை ஆற்றல் சி.டி. வசதி உள்ள இடங்களில் குறைந்த ஆற்றல் அளவுக்கான படங்களைத் தனியே பிரித்துப் பார்க்கலாம். அயோடின் எக்ஸ் கதிரைத் திடீரென்று அதிகமாக உறிஞ்சும் எல்லை 33 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அதை நெருங்க நெருங்க இப்படிப்பட்ட சிறு முடிச்சுகள் இன்னும் தூக்கலாகத் தெரியும். இருந்தால் நல்லது. ஆனால் சரியான விநாடியில் எடுக்காத படத்தை அது காப்பாற்றாது.

பளிச்சென்று தெரியும் எல்லாம் சிறுநீரகம் அல்ல

பழைய வரலாறு கையில் கிடைத்ததும் அதற்கேற்றபடியே படத்தைப் படிக்கிற ஆபத்தும் கூடவே வருகிறது. கணையத்தில் தமனிக் கட்டத்தில் மின்னும் பொருள்கள் பல. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம்.

மண்ணீரல் தமனி கணையத்தின் மேல் விளிம்பில் பாம்பு போல வளைந்து ஓடும். அதன் ஒரு வளைவோ வீக்கமோ குறுக்கு வெட்டில் கட்டி போலத் தோன்றும். இரண்டு கட்டத்திலும் தமனியின் அதே அடர்த்தி இருந்தால் அது குழாய். மூன்று முடிச்சுகளையும் எல்லாக் கோணங்களிலும் திருப்பிப் பார்த்தோம், எதுவும் குழாயோடு சேரவில்லை.

வாலில் உள்ள முடிச்சுக்கு இன்னொரு கேள்வி. பிறவியிலேயே மண்ணீரலின் சிறு துணுக்கு கணைய வாலுக்குள் பதிந்திருப்பது உண்டு. தீங்கில்லாத பொருள். அதைக் கட்டி என்று நினைத்து வெட்டி எடுத்த நிகழ்வுகள் நிறைய. அதை சி.டி.யில் பிடிக்க ஒரு வழி, ஒவ்வொரு கட்டத்திலும் முடிச்சின் எண்ணை மண்ணீரலின் எண்ணோடு வைத்துப் பார்ப்பது. இவருக்குச் சிரைக் கட்டத்தில் மண்ணீரல் 124, முடிச்சு 97. ஒத்துப்போகவில்லை.

உண்மையான சிக்கல் நியூரோஎண்டோகிரைன் கட்டி. ஹார்மோன் சுரக்கும் தீவுச் செல்களிலிருந்து எழுவது. அதுவும் தமனிக் கட்டத்தில் பளிச்சிடும், அதுவும் நாளத்தைப் பெரும்பாலும் நெரிக்காது, அதுவும் மெதுவாக வளரும். படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிப்பது எங்கள் துறையில் நேர்மையானவர்கள் எல்லாரும் கடினம் என்று ஒப்புக்கொள்ளும் வேலை. சுண்ணாம்பு படிந்திருந்தால் நியூரோஎண்டோகிரைன் பக்கம் சாயலாம். ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால், வேகமாக வடிந்தால், சிறுநீரக வரலாறு இருந்தால் பரவல் பக்கம் சாயலாம். சாயலாம், அவ்வளவுதான்.

இங்கே இன்னொரு குழியும் உண்டு. வான் ஹிப்பல்-லிண்டாவ் என்ற பரம்பரை நோயில் ஒரே ஆளுக்குச் சிறுநீரகத்தில் கிளியர் செல் புற்றும் கணையத்தில் நியூரோஎண்டோகிரைன் கட்டியும் வரலாம். சிறுநீரகம் எடுத்தவர், கணையத்தில் பல பளிச்சிடும் கட்டிகள் என்ற அதே வரலாறு, ஆனால் நோய் வேறு, மருத்துவமும் வேறு. அதனால் குடும்பத்தில் யாருக்காவது மூளைக் கட்டியோ விழித்திரைக் கட்டியோ சிறுநீரகக் கட்டியோ வந்ததா என்று கேட்டோம், இல்லை. இந்த நோயில் கணையத்தில் நீர்ப்பைகள் நிறைய இருக்கும். இவருக்கு ஒன்றுகூட இல்லை. மிச்சமிருந்த சிறுநீரகமும் சுத்தம். அவருக்கு முதல் புற்று வந்தது 49 வயதில், ஒரே இடத்தில். பரம்பரை நோய் என்றால் பெரும்பாலும் அதற்கு முன்பே, பல இடங்களில் வரும்.

சக மருத்துவர் ஒருவர் காலியம்-68 டோட்டாடேட் பி.இ.டி. (கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் ஒரு ஸ்கேன்) எடுத்தால் முடிவாகிவிடுமே என்றார். நியூரோஎண்டோகிரைன் கட்டியைத் தேட அது சிறந்த கருவி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது தேடும் அதே வாங்கிகள் சிறுநீரகப் பரவலிலும் இருக்கக்கூடும், அதனால் இரண்டுமே மின்னலாம். கணையத்தின் கொக்கிப் பகுதி நோயே இல்லாமலும் மின்னும். சாதாரண சர்க்கரை பி.இ.டி.யோ கிளியர் செல் புற்றில் பல நேரம் கைவிட்டுவிடும். நியூரோஎண்டோகிரைன் கட்டியில் உயரும் குரோமோகிரானின் ஏ என்ற இரத்தப் பரிசோதனையும் நம்பகமில்லை: அமிலத்தைக் குறைக்கும் வயிற்று மாத்திரை எடுத்தாலே அது உயரும், அந்த மாத்திரையை இவர் தினமும் எடுத்துக்கொண்டிருந்தார். திசு வேண்டும் என்று முடிவானது.

ஊசியும் சாயமும்

வெட்டி எடுக்கக்கூடிய வழக்கமான கணையப் புற்று என்றால் பயாப்ஸி இல்லாமலே அறுவைக்குப் போவது உண்டு. இங்கே நோய் எது என்பதைப் பொறுத்தே மருத்துவம் முழுவதும் மாறும், அதனால் பயாப்ஸி தவிர்க்க முடியாதது. எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் வழியே, முன்சிறுகுடலிலிருந்து 22 கேஜ் ஊசியால் தலைக் கட்டியில் இரண்டு முறை குத்தினார்கள். இரத்தம் நிறைந்த கட்டி என்பதால் எங்கே குத்தக் கூடாது என்று அவர்கள் என்னிடம் கேட்டார்கள். நடுவில் குத்தினால் செத்த திசுதான் வரும். தமனிக் கட்டத்தில் ஒளிர்ந்த வெளி வளையத்தில், பெரிய குழாய்க்கு எதிர்ப்பக்கம் குத்துங்கள் என்று படத்தில் குறித்துக் கொடுத்தேன்.

நுண்ணோக்கியில் தெளிந்த, நீர் நிரம்பியது போன்ற செல்கள், இடையில் வலைப்பின்னல் போல நுண்குழாய்கள். நோய்க்குறியியல் மருத்துவர் ஒரு நல்ல காரியம் செய்தார். பாக்ஸ்-8 என்ற சாயம் சிறுநீரகச் செல்லைக் காட்டும் அடையாளம். இவர் திசுவில் அது பற்றியது. அதோடு அவர் நிறுத்தவில்லை. அந்தச் சாயத்தின் சில வகைகள் கணையத் தீவுச் செல்களிலும் பற்றிக்கொள்ளும் என்பதால் அதை மட்டும் நம்பினால் நியூரோஎண்டோகிரைன் கட்டியைச் சிறுநீரகம் என்று சொல்லிவிடும் வாய்ப்பு உண்டு. அதனால் நியூரோஎண்டோகிரைன் செல்லைக் காட்டும் சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் சாயங்கள் இரண்டையும் போட்டார், இரண்டும் பற்றவில்லை. கிளியர் செல் சிறுநீரகப் புற்றில் வழக்கமாகப் பற்றும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ்-9ம் சி.டி.10ம் பற்றின. (இந்த சி.டி. ஸ்கேன் அல்ல, செல் பரப்பில் உள்ள ஒரு புரதத்தின் பெயர்.) முடிவு: கிளியர் செல் சிறுநீரகப் புற்று, கணையத்துக்குப் பரவியது.

பழைய படத்துக்குத் திரும்பிப் போனது

மகள் கொண்டுவந்த கோப்பில் நான்கு ஆண்டுக்கு முந்தைய ஒரு சி.டி.யும் இருந்தது. பித்தப்பைக் கல்லுக்காக எடுத்தது, ஒரே ஒரு சிரைக் கட்டம். 'கணையம் இயல்பு' என்று எழுதியிருந்தது. இப்போது தெரிந்த கண்ணோடு பார்த்தால் தலையின் விளிம்பில் 1.2 செ.மீ. அளவுக்கு ஒரு சிறு புடைப்பு. நிறத்தில் துளி வித்தியாசம் இல்லை, உருவத்தில் மட்டும் ஒரு வளைவு. அன்று பார்த்திருந்தால் நானும் இயல்பு என்றுதான் எழுதியிருப்பேன்.

அந்த இரண்டு அளவும் நமக்கு ஒரு கணக்கைத் தருகின்றன. 12 மி.மீ. 34 ஆக நான்கு ஆண்டு. விட்டம் 2.8 மடங்கு என்றால் கன அளவு ஏறத்தாழ 23 மடங்கு. அதாவது கட்டி கிட்டத்தட்ட 11 மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகியிருக்கிறது. கணையத்தின் சொந்தப் புற்று நான்கு ஆண்டு இப்படிப் பொறுமையாக உட்கார்ந்திருக்காது. பழைய படத்தைக் கேட்டு வாங்குவது புதிய பரிசோதனை ஒன்றுக்குச் சமம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். அதற்குக் கதிர்வீச்சு இல்லை, ஊசியும் இல்லை.

சிறுநீரகப் புற்றுக்கு ஏன் கணையத்தின் மேல் இத்தனை பிடிப்பு? நுரையீரலையும் எலும்பையும் தொடாமல் கணையத்தில் மட்டும் வந்து தங்குகிறவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பதால் என்று சொல்லத் தோன்றும். அப்படியானால் இடது சிறுநீரகக் கட்டி வாலுக்கும் வலது கட்டி தலைக்கும் போக வேண்டும். அப்படி ஒழுங்கு எதுவும் தென்படுவதில்லை. இந்தப் பெண்ணின் வலது சிறுநீரகக் கட்டி தலை, உடல், வால் மூன்றிலும் விதை போட்டிருக்கிறது. விதை என்ற சொல்லைத் தெரிந்தே எழுதுகிறேன். 1889ல் ஸ்டீபன் பேஜெட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் பதிவுகளை ஆராய்ந்து, புற்று இரத்தம் போன போக்கில் எல்லாம் முளைப்பதில்லை, விதைக்கு ஏற்ற மண் கிடைத்த இடத்தில்தான் முளைக்கிறது என்றார். கிளியர் செல் புற்றுக்குக் கணையம் அப்படி ஒரு மண். ஏன் என்பதைக் கட்டியின் மரபணுவில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். படுக்கையருகே நமக்குத் தெரிந்தது, கணையத்துக்குப் போகும் கிளியர் செல் புற்று பொதுவாகச் சாதுவான வகை, புதிய இரத்தக் குழாய்களை நம்பி வாழும் வகை.

மற்ற புற்றுகள் வரும்போது

எல்லாப் பரவலும் இப்படி மின்னிக்கொண்டு வராது, அதையும் சொல்லிவிட வேண்டும். நுரையீரல், மார்பகம், பெருங்குடல் ஆகியவற்றிலிருந்து கணையத்துக்கு வருபவை பெரும்பாலும் மங்கலாகவே தெரியும். அவற்றை அடினோகார்சினோமாவிலிருந்து ஒரே படத்தில் பிரிப்பது சில நேரம் இயலாத காரியம். அங்கே உடம்பின் மற்ற பகுதிகள்தான் துணை. நுரையீரலின் சிறுசெல் புற்று கணையத்துக்குப் பரவி, கணைய அழற்சியாக வேடமிட்டு வருவது உண்டு. அழற்சி என்று வந்த புகைப்பழக்கமுள்ளவரின் படத்தில், மேலே முதல் சில துண்டுகளில் தெரியும் நுரையீரல் அடிப்பகுதியைப் பார்க்காமல் மூடிவிடக் கூடாது. பெருங்குடலிலிருந்து வந்தது நாளத்துக்குள்ளேயே வளர்ந்து அடைக்கலாம். தோலின் நிறச் செல்களில் எழும் மெலனோமா எப்படி வேண்டுமானாலும் வரும், பளிச்சென்றும் வரும். தனிக்கட்டியாக வருவதே அதிகம். பல முடிச்சுகளாக வருவது குறைவு. கணையம் முழுவதும் வீங்கி, எங்கே கட்டி என்று விரல் வைக்க முடியாதபடி வருவதும் உண்டு. கணையத் தலையை ஒட்டிய நிணநீர் முடிச்சு வீங்கினால் அது கணையத்துக்குள் இருப்பது போல ஏமாற்றும். இடையில் மெல்லிய கொழுப்புக் கோடு தெரிகிறதா என்று மெல்லிய துண்டில் பார்க்க வேண்டும்.

குழுவில் நடந்தது

அறுவை மருத்துவர், புற்றுநோய் மருத்துவர், நோய்க்குறியியல், ரேடியாலஜி எல்லாரும் உட்கார்ந்தோம். ஒரே கட்டியாக இருந்திருந்தால் வெட்டி எடுப்பது நல்ல வழி. கணையத்தில் மட்டும் தங்கிய சிறுநீரகப் பரவலை எடுத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஐந்து ஆண்டு தாண்டி வாழ்கிறார்கள். கணையத்தின் சொந்தப் புற்றில் நினைத்துப் பார்க்க முடியாத கணக்கு அது. ஆனால் தலை, உடல், வால் என்று மூன்றும் பிடித்திருக்கும்போது முழுக் கணையத்தையும் எடுக்க வேண்டும். பிறகு ஆயுள் முழுக்க இன்சுலின், ஆயுள் முழுக்கச் செரிமான நொதி மாத்திரை. முதல் ரிப்போர்ட்டை நம்பித் தலையை மட்டும் எடுத்திருந்தால், அவ்வளவு பெரிய அறுவைக்குப் பிறகும் இரண்டு கட்டிகள் உள்ளே இருந்திருக்கும்.

நெஞ்சில் எதுவும் இல்லை, மூளை எம்.ஆர்.ஐ. சுத்தம். புதிய இரத்தக் குழாய் முளைப்பதைத் தடுக்கும் மாத்திரையில் தொடங்கலாம் என்று முடிவெடுத்தார்கள். அந்த அம்மாவிடம் இதை விளக்கியபோது நானும் இருந்தேன். "அப்போ இது கணையப் புற்று இல்லையா?" என்று கேட்டார். கணையத்தில் இருக்கிறது, ஆனால் கணையத்தில் பிறந்தது அல்ல, உங்கள் பழைய கிட்னி நோய்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது, அதற்கான மருந்து இருக்கிறது என்று புற்றுநோய் மருத்துவர் சொன்னார். நோய் போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது பயத்தினால் அல்ல.

மூன்று மாதம் கழித்து அதே முறையில், அதே விநாடியில் ஸ்கேன். தலைக் கட்டி 34 மி.மீ.யிலிருந்து 31, வால் முடிச்சு 14லிருந்து 12. இரண்டையும் கூட்டினால் 48 இருந்தது 43 ஆகியிருக்கிறது, 10 சதவீதக் குறைவு. அளவை மட்டும் பார்க்கும் ரெசிஸ்ட் முறையில் 30 சதவீதம் குறைந்தால்தான் பலன் என்று ஏற்பார்கள். இது 'மாற்றமில்லை' என்ற பெட்டிக்குள் போகும். தமனிக் கட்டத்தில் கட்டியின் ஓரமோ 172லிருந்து 74க்கு இறங்கியிருந்தது. ஒளிர்ந்துகொண்டிருந்த வளையம் கணையத்தைவிட மங்கிவிட்டது. இரைப்பை குடல் ஜிஸ்ட் கட்டிகளுக்காக 2007ல் வெளியான சோய் அளவுகோல், அளவோடு அடர்த்தி குறைவதையும் பலனாக எடுத்துக்கொள்கிறது. அதைச் சிறுநீரகத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் இரத்தக் குழாயைக் குறிவைக்கும் மருந்தின் வேலையை மில்லிமீட்டரில் மட்டும் அளப்பது நோயாளிக்குச் செய்யும் அநீதி என்று நினைக்கிறேன். ரிப்போர்ட்டில் இரண்டு எண்ணையும் எழுதினேன். அளவு மட்டும் பார்த்து மருந்தை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக அடர்த்தியை முதலில் எழுதினேன்.

அடுத்த ஸ்கேனுக்கு மூன்று மாதம் கழித்து நாள் குறித்திருக்கிறது. வேண்டுகைச் சீட்டை இந்த முறை மகளே நிரப்பிக் கொண்டுவந்து காட்டினார்: "வலது சிறுநீரகம் அகற்றப்பட்டது, 13 ஆண்டுக்கு முன், கிளியர் செல். தமனிக் கட்டம் வேண்டும்."